சின்ன நிலாவில் தெற்குத் தெரு

ஒரே ஒரு ஊரிலே, ஊருக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு சண்டை என்று எல்லாமே ஒவ்வொன்றாக இருந்த ஊரிலே, நிலா மட்டும் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

பெரிய நிலா எல்லா ஊருக்கும் வருவதுதான். சின்ன நிலா சாய்பாறைக்கு மட்டும் வந்தது. ஒரு புரட்டாசி மாதம், சந்தை நாள், மாடுகள் வீடு திரும்புகிற நேரத்தில், நெல்லிக்காய் அளவில், நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் நீர் வருகிற வெளிச்சத்தோடு புளியந்தோப்புக்கு மேலே வந்து நின்றது, நின்றுவிட்டு மெதுவாக மேற்கே நகர்ந்து ஊருக்குப் பெயர் கொடுத்த பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, எட்டாம் நாள் வந்தபோது அதை அண்ணாந்து பார்த்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் மழை வருமா என்று பார்த்தவர்கள்.

ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது. வந்ததை எங்கே வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. லைன்மேன் வந்து பார்த்து, இவ்வளவு வெளிச்சம் உள்ள ஊருக்கு இது எதற்கு என்று கோயில் முன்னால் இருந்த குழல்விளக்கைக் கழற்றிக்கொண்டு போனார். அமாவாசையன்று பெரியது இல்லாவிட்டாலும் சின்னது வந்துவிடுவதால், வெளிச்சத்தில் வரக் கூசி முன்னோர்கள் படையலைத் தொடாமல் போகிறார்களோ என்று சந்தேகம் வந்து, படையலுக்கு மேலே பாயை விரித்துப் பிடித்தார்கள். சத்தியம் செய்கிறவர்கள் "ரெண்டு நிலாமேலயும் சத்தியமா" என்று சொல்லத் தொடங்கினார்கள், ஒற்றை நிலாமேல் செய்த சத்தியத்தை மீறினால் பாவமில்லை என்று ஒரு வழக்கும் அதன் பின்னாலேயே வந்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்பும் சிவப்பும் ஒரே நிறமாகத் தெரியும் என்பதால் பெண் பார்க்க வருகிறவர்களைச் சின்னது மறைந்த பிறகே வரச் சொன்னார்கள். இப்படியாக ஆறு மாதத்தில் சின்ன நிலா, சாய்பாறைக்காரர்களுக்கு வண்ணான் வருகிற நாளைப்போல, ஊர்ச்சாவடியின் ஓட்டு ஒழுகலைப்போல ஆகிவிட்டது.

பஸ் நிற்கிற இடத்தில் ராணி போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் கோதண்டம். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், தாய் முகம் அறியாமல் அக்கா சௌந்தரம் இடுப்பிலேயே வளர்ந்தவன். இப்போதும் மத்தியானச் சோறு அக்கா வீட்டிலிருந்துதான் வரும். படம் பிடிக்கும்போது வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்க அவனிடம் உள்ளங்கை அளவில் ஒரு மீட்டர் இருந்தது, அதற்குள் ஒரு முள், வெளிச்சம் ஏறினால் முள் ஏறும், இறங்கினால் இறங்கும். சின்ன நிலா பாறைக்குப் பின்னால் மறையும் நேரத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தைப் படம் பிடிக்கப்போய், முள் வழுக்கிக்கொண்டு இறங்காமல் மாடிப்படியில் இறங்குகிற கிழவர்போல நின்று நின்று இறங்குவதை அவன் பார்த்தான். மறுநாள் மீட்டரின் வாயில் கறுப்புக் காகிதத்தைக் குழாயாகச் சுற்றி நிலாவைத் தவிர வேறு வெளிச்சம் புகாமல் செய்து, இருட்டறையில் படம் கழுவும்போது மனசுக்குள் எண்ணுவானே, கடிகாரம் தோற்றுப்போகிற அந்த எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் குறித்தான். நாற்பத்து நான்கு படிகள். வடக்குத் தெருவில் வீடுகள் நாற்பத்து நான்கு.

பக்கத்து நகரத்துக் கல்லூரியிலிருந்து பௌதிக வாத்தியார் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இரண்டு சாயங்காலம் தங்கினார். அவர்தான் சொன்னார், வியாழன் என்கிற கோளுக்கும் நிலாக்கள் உண்டு, அதில் ஒன்றில் எரிமலைகள் இருக்கின்றன, வியாழன் குறுக்கே வந்து அந்த நிலாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும்போது ஒவ்வொரு எரிமலை மறையும்போதும் வெளிச்சம் சடக்கென்று ஒரு படி இறங்கும், அந்தப் படிகளை அளந்து அளந்தே, இருந்த இடத்திலிருந்து அசையாமல், எந்த எரிமலை எங்கே என்று படம் வரைந்துவிடுகிறார்கள் என்று. "ஆனா ஒரு விஷயம் தம்பி," என்றார். "ஒரு விளிம்பு ஒரு கோட்டைத்தான் குடுக்கும். அந்தக் கோட்டுல மேலயா கீழயான்னு அதுக்குத் தெரியாது. மறைஞ்சது வெளிய வர்றப்ப வேற சாய்வுல இன்னொரு விளிம்பு கிடைச்சாத்தான் புள்ளி வைக்கலாம். அல்வாவ ஒரே வாக்குல கீறினா கீத்துதான் வரும், துண்டு வராது."

கோதண்டம் தலையாட்டினான். ஆனால் பாறையின் இந்தப் பக்க விளிம்பு, சின்னது மறைகிற விளிம்பு, சுவர்போலச் செங்குத்தாக வடக்குத் தெருவுக்கு நேரே தெரிந்தது. அது வெளியே வருகிற அந்தப் பக்கச் சரிவு, மேலே குறுகிக் கீழே அகன்ற சரிவு, வடக்குத் தெருவிலிருந்து தெரியாது. ஓடையைத் தாண்டி, பதினேழு வீடுகள் இருக்கிற தெற்குத் தெருவில் போய் நின்றால்தான் தெரியும். தெற்குத் தெருக்காரர்கள் ரேஷன் அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வருவார்கள், வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஓடையைத் தாண்டி அவன் போனதில்லை, அவன் அப்பா போனதில்லை, போகக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. சொல்லாமலே நடந்துகொள்ளும் அளவுக்கு அது பழைய விஷயம்.

ஆகவே அவன் ஒரு விளிம்பை வைத்தே படம் வரைந்தான். ஒரு பெரிய வட்டம், வட்டத்துக்குள் நாற்பத்து நான்கு விளக்குகள். தச்சன் வீட்டார் பழனிக்கு நடந்துபோன வாரத்தில் பத்தாவது படி காணாமல் போனதையும், அவர்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டிய அன்றே அது திரும்பி வந்ததையும் ஊரே பார்த்த பிறகு, அந்த விளக்குகள் நம் வீடுகள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் இருந்த பதினேழு படிகள் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரமாக விழுந்தன. பஞ்சாயத்துத் தலைவர் சீனியப்பர் வீடு, கோயில் தர்மகர்த்தா வீடு, கோதண்டத்தின் அக்கா வீடு எல்லாம் அந்த நடுவில்தான் வந்தன. பெரிய குடும்பம், பெரிய விளக்கு என்று ஊர் தீர்மானித்தது. படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சாவடியில் மாட்டினார்கள். சௌந்தரம் பொழுது சாய்ந்தால் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்கு ரெட்டை விளக்கு" என்று தம்பியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள்.

அடுத்த புரட்டாசியில் மூன்றாவது படி திடீரென்று பத்து மடங்காக விழுந்தது. நிலாவில் அந்த வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். பூமியில் அந்த வீட்டில் எதுவும் எரியவில்லை, எண்ணெய்க்கடை முத்தையா சிரித்துக்கொண்டே செக்கு ஓட்டினார், மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் விறகுக் கட்டுக்குள் கைவிட்டுப் பாம்பு தீண்டிச் செத்தார், மறுநாள் எரிவு அணைந்தது. பதினைந்து நாள் கழித்து நாற்பத்தொன்றாவது படி எரிந்தது, மூன்றாம் நாள் மாட்டுத் தரகர் வீட்டுச் சுவர் இடிந்து புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். மூன்றாவதாகத் தையல்காரர் சுப்பையா வீட்டுப் படி எரிந்தபோது ஊர் கூடி யோசித்து, வீட்டில் ஆளே இல்லாவிட்டால் எரிவு யாரைத் தின்னும் என்று, அவர்களை எல்லைக்கல்லுக்கு வெளியே குடிசை போட்டு இருத்தி, கதவு உள்ளவரைக்கும்தான் வீடு, கதவில்லாவிட்டால் அது வெறும் சுவர், எரிவுக்கு அடையாளம் தெரியாது என்று வீட்டுக் கதவையும் கழற்றிக் கோயில் மண்டபத்தில் சாத்தினார்கள். நாலாம் நாள் எரிவு அணைந்தது. சுப்பையா குடும்பம் முழுசாகத் திரும்பியது. வெற்றிலை பாக்கு வைத்துக் கதவை மறுபடி மாட்டினார்கள். அன்றைக்கே அது முறையாகிவிட்டது, எரிவு விழுந்தால் மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கதவு கழற்ற வேண்டும், குடும்பம் எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பத்தாம் நாள், மேகம் விலகிய ஒரு சாயங்காலத்தில் இருபத்து மூன்றாவது படி எரிந்தது. கோதண்டம் இரண்டு தரம் மீட்டரை உதறிப் பார்த்தான். இருபத்து மூன்று அவன் அக்கா வீடு. அக்கா மகள் ரேணுகா பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சாவடியில் கூடினார்கள். மழை, பச்சைப் பிள்ளை, எல்லைக்கல்லுக்கு வெளியே ஓலைக் குடிசை. டீக்கடை நல்லமுத்து படத்தின் முன்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏப்பா, இது ரெட்டைப் படியில்ல? ஒத்தை வீட்டுக்கு எதுக்கு ரெட்டை வெளிச்சம்? இதுக்கு நேர் கீழ தெற்குத் தெருவுல ஒரு வீடு இருக்கே. நிலா அவுகளை மட்டும் விட்டுட்டா வந்திருக்கும்?"

ஒரு வருஷமாக யாருக்கும் தோன்றாதது ஒரே நொடியில் எல்லோருக்கும் தோன்றியது. நடுவில் இருந்த பதினேழு படிகள் ஏன் இரண்டு மடங்கு, தெற்குத் தெருவில் ஏன் பதினேழு வீடு, அடடா, அடடா என்று தொடையில் தட்டிக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றி, நீல மசியில் பதினேழு புள்ளிகளை அப்போதே வைத்தார்கள். இருபத்து மூன்றாவது படிக்கு நேர் கீழே பூச்செண்டின் வீடு வந்தது.

"அப்படிப் பார்த்தா ரெண்டுல எதுவாவும் இருக்கலாம் தலைவரே," என்றான் கோதண்டம்.

"ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லணும். மீட்டர் உன்கிட்ட இருக்கு."

"அது வெளிய வர்ற பக்கத்தையும் அளக்கணும். அந்தச் சரிவுல மேல இருக்கிறது முதல்ல வரும், கீழ இருக்கிறது பின்னால வரும்."

"எங்க நின்னா அது தெரியும்?"

கோதண்டம் ஓடைப் பக்கம் பார்த்தான். எல்லோருக்கும் தெரியும்.

சீனியப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அளந்ததுன்னே வச்சுக்க," என்றார்.

மறுநாள் காலையில் பூச்செண்டு ஸ்டூடியோ வாசலுக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், அவனுடைய அப்பா சோலையப்பனை அவள்தான் வைத்துப் பார்த்தாள். தேனெடுக்கப் பாறையில் ஏறி விழுந்து இடுப்பு முறிந்த கிழவர், மாசியிலிருந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தார், அசைத்தால் உள்ளே உடைந்த எலும்பு குத்திவிடும், அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் பல காலம் இருப்பார் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தாழ்வாரத்தில் மழை ஒழுகினால்கூடக் கட்டிலை நகர்த்தாமல், கட்டிலுக்கு மேலே கூரையைத்தான் அவள் மாற்றினாள்.

"எங்க வீட்டுக் கதவைக் கழட்டுறாகளாமே அய்யா."

"ஊர்ல பேசுறாங்க."

"நல்ல விளக்கா இருந்தவரைக்கும் நிலாவுல எங்களுக்கு இடமில்ல. கெட்ட விளக்குன்னதும் ஒரே ராத்திரியில பட்டா குடுத்துட்டீக."

கோதண்டம் மேஜைமேல் இருந்த படச்சுருளை எடுத்து எடுத்து வைத்தான்.

"எங்க மாமனைத் தூக்குனா செத்துப்போவாரு. அது ஊருக்குத் தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியும், விழுந்தன்னிக்கு இந்த வாசல்ல வச்சு ஆசுபத்திரிக் கடுதாசிக்கு நீங்கதான படம் எடுத்தீக." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க வாசல்ல அது வெளிய வர்றது தினமும் விழும். கஞ்சி ஊத்துனாப்புல மெள்ள மெள்ளத்தான் வெளிச்சம் ஏறும். நேத்து ஆரம்பத்துலயே ஒரு எத்து எத்துச்சு, உரல் நிழல் திடீர்னு கறுத்துருச்சு. எனக்குப் படிப்பில்ல, நீங்க வந்து பாருங்க. பார்த்துட்டு எதுன்னாலும் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் கோதண்டம் மீட்டரை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினான். ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது, அவன் கழுத்தளவு தண்ணீரில் நடக்கிறவன்போல நடந்தான். தெற்குத் தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. பூச்செண்டின் வாசலில், தாழ்வாரத்துக் கட்டிலில் கிடந்த சோலையப்பன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார்.

"வாங்க, வாங்க. போட்டோ புடிக்கவா? படுத்தாப்புலயே புடிங்க, நான் எந்திரிச்சு நின்னா படம் பயந்துரும்."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் குனிந்து, அவள் துடைத்துப்போட்ட பலகையில் உட்கார்ந்தான். இருபத்து மூன்றாவது கோட்டில் மேலே இருக்கும் விளக்கு என்றால் வெளியே வரத்தொடங்கி ஒன்பது எண்ணும்போது முள் குதிக்க வேண்டும், கீழே இருக்கும் விளக்கு என்றால் பதினைந்தில் குதிக்க வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். பூச்செண்டு உரலில் கேழ்வரகைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள், வந்தவனைப் பார்த்துக்கொண்டே நிற்கக் கூடாது என்பதற்காக இடித்தாள். சாய்பாறையின் சரிவுக்குப் பின்னாலிருந்து முதல் வெளிச்சம் கசிந்தது. அவன் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, உலக்கை விழுந்தது, மூன்று, நான்கு, ஐந்து, கட்டிலில் கிழவர் மூச்சு விடும் சத்தம், ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் முள் குதித்தது. உரலின் நிழல் மசி கொட்டியதுபோல வாசலில் விழுந்தது. உலக்கை நின்றது.

அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை. உதடு அசைய அசைய முப்பது வரைக்கும் எண்ணினான், கிழவரும் அவளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் எண்ணினான்.

"எத்தனையில அய்யா?" என்றாள் பூச்செண்டு.

அவன் மீட்டரை மறுபடி வேட்டி மடிப்பில் செருகினான். "பதினஞ்சுல," என்றான்.

அவள் உலக்கையை மறுபடி தூக்கினாள். அவன் ஓடையைத் தாண்டும்வரை இடிக்கிற சத்தம் சீராகக் கேட்டது.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனான். ரேணுகாவுக்கு மிளகுக் குழம்பு ஆக்கிக்கொண்டிருந்த சௌந்தரத்தைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, புள்ளையையும் ரேணுவையும் கூட்டிக்கிட்டு நாளைக்குக் காலையில பெரியம்மா ஊருக்குப் போயிரு. ரெண்டே நாள். நான் வண்டி பேசுறேன்."

"எதுக்குடா?"

"சும்மாதான். மழையா இருக்கு."

சௌந்தரம் அவன் முகத்தைப் பார்த்தாள். தாய்ப்பால் இல்லாமல் கழுதைப் பாலில் வளர்த்த பிள்ளையின் முகம் அவளுக்குப் படிக்கத் தெரியாததல்ல. அடுப்பிலிருந்து குழம்பு கொதிக்கும் சத்தம் வந்தது.

"நான் இப்பக் கிளம்புனா எரிவு எங்க வீட்டுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்," என்றாள் மெதுவாக. "அப்புறம் ரேணு மாமியார் வீட்டுல அவளைச் சேர்ப்பாங்களா? எரிஞ்ச வீட்டுல பொறந்த புள்ளைம்பாங்க. நீ சொல்றதை ஊர்ல சொல்லு, தம்பி. நல்லா நிமிந்து சொல்லு. நாங்க இங்கயே இருக்கோம்."

"அக்கா..."

"குழம்பு அடிப்புடிக்குது, விடு."

மூன்றாம் நாள் சாவடியில் சீனியப்பர் கேட்டார், கோதண்டம் நிமிர்ந்து சொன்னான். அவன் விரல் படத்தில் கீழே இருந்த நீலப் புள்ளியில் நின்றது. இரண்டு நிலாமேலும் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தான்.

எட்டுப் பேர் போனார்கள். கதவைக் கழற்றுவது எளிதாக இருந்தது, கீல்கூட இல்லாமல் குழியில் நிறுத்திய ஒற்றைப் பலகைக் கதவு. கட்டிலின் நான்கு காலையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கியபோது பூச்செண்டு குறுக்கே விழவில்லை, அழவில்லை, கட்டிலின் பக்கத்தில் நடந்துகொண்டே கிழவரின் இடுப்புக்குக் கீழே தன் இரண்டு கையையும் தாங்கலாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். மழை தூறியது. ஓடைமேட்டில் ஒருவன் வழுக்கினான்.

"மெள்ளப் போங்கப்பா," என்றார் சோலையப்பன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கட்டிலை இறக்கிய பிறகு, கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்ற பூச்செண்டைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

ஊருக்குள் செய்தி வந்தது. பாவம் என்றார்கள், உடனேயே, பார்த்தீர்களா, நிலா பொய் சொல்லவில்லை, எரிவு அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது என்றார்கள், தூக்கிக்கொண்டு போனதால் செத்தாரே என்று கேட்க நினைத்தவர்கள் யாராவது முதலில் கேட்கட்டும் என்று காத்திருந்தார்கள். சௌந்தரம் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்தாள். பிறகு பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கப் போய், ஈர விறகு பிடிக்காமல், ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினாள், ஊதினாள், குனிந்து ஊதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. ரேணுகா போய்த் தோளைத் தொட்டபோது அடுப்பு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. சின்ன நிலா அப்போதுதான் பாறைக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் பாடையின் பக்கத்தில் நின்று கோதண்டம் சொன்னான். முதலில் மெதுவாகச் சொன்னான், பிறகு கத்திச் சொன்னான். "பதினஞ்சு இல்ல. ஒன்பது. நான் பார்த்தேன். மேல இருந்த வீடுதான். எங்க வீடுதான். நான்தான் மாத்திச் சொன்னேன். அந்தப் பெரியவரை நாமதான் கொன்னோம், எங்கக்காவை நான் கொன்னேன்."

சீனியப்பர் அவனை அணைத்துக்கொண்டார். நல்லமுத்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தான். "பெத்தவளுக்கு மேல வளர்த்தவ, புத்தி தடுமாறத்தான் செய்யும்," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அவனை உட்காரவைத்து விசிறினார்கள். அவன் சொன்னதை அவர்கள் மறுக்கவில்லை, எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டார்கள். ரெட்டை விளக்கு, அதனால் ரெட்டைச் சாவு, இதில் என்ன புதிர் இருக்கிறது என்றான் நல்லமுத்து. சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சாவடியில் கூடி, தெற்குத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்ததில் தாமதம் ஆனதால்தான் அந்தத் தீ மேலே தாவியிருக்கிறது, இனிமேல் நடுப்படிகளில் எரிவு விழுந்தால் அளந்து பார்க்கிற வேலையே வேண்டாம், அன்றைக்கே கீழே இருக்கிற வீட்டுக் கதவைக் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்துத் தண்டோரா போட்டார்கள்.

தண்டோரா ஓடையைத் தாண்டிக் கேட்டது. தெற்குத் தெருவில் யாரும் கூட்டம் போடவில்லை. முதலில் ஒரு வீட்டில் கதவை அசைத்துக் குழியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு பக்கத்து வீட்டில், பிறகு எதிர் வீட்டில். அவர்களே கழற்றினார்கள். கதவைத் தலையில் வைத்துக்கொண்டு, கோழிகளைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மழை விட்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் வரிசையாக எல்லைக்கல்லைத் தாண்டிக் கிழக்கே போனார்கள். வடக்குத் தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். போகாதீர்கள் என்று சொல்வதற்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒருவருக்கும் இரண்டு மூன்று பெயருக்கு மேல் தெரியவில்லை.

கோதண்டம் எல்லைக்கல்லுக்குப் போனபோது பதினாறு வீட்டாரும் போயிருந்தார்கள். பூச்செண்டு மட்டும் மாமனாரைப் புதைத்த மேட்டில் நரி தோண்டாமலிருக்கக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயில் மண்டபத்திலிருந்து யாரையும் கேட்காமல் அவள் எடுத்துவந்த அவளுடைய கதவு, பக்கத்தில் கிடந்தது. அவன் ஒரு கல்லை எடுத்துக் கொடுக்கப் போனான், அவள் வேறு கல்லை எடுத்துக்கொண்டாள்.

"ஊர்ல சொல்லிட்டேன்," என்றான். "யாரும் நம்பல."

"ஊர்ல சொன்னீக."

"ஆமா."

"என்கிட்ட இன்னும் சொல்லலயே."

சின்ன நிலா அவர்கள் தலைக்கு நேரே வந்திருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டான், பிறகு அவிழ்த்தான்.

"ஒன்பது," என்றான்.

பூச்செண்டு தலையை அசைத்தாள். கடைசிக் கல்லை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கோலித் தலையில் வைத்துக்கொண்டு, கதவின் பக்கத்தில் போய் நின்று சுற்றிலும் பார்த்தாள். அவனைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை.

"ஒரு கை தூக்கி விடுங்க," என்றாள்.

அவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மழையில் ஊறிய பலகை, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் குனிந்து கொடுத்தாள், அவன் அவள் தலையில் அதை ஏற்றி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கையை எடுத்தான். அவள் ஒரு தரம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிப் பாரத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, மற்றவர்கள் போன சேற்றுத் தடத்தின்மேல், நடந்து போனாள்.